மலையகத் தோட்டங்களில் வீடுகளைப் பெருக்க முதலில் செய்ய வேண்டியது என்ன?

அரசாங்கமும் இந்தியாவும் கட்டித்தரும் வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இலங்கை மலையகத்தின் வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது என்பதே என் பதில். மண்சரிவு அபாயமற்ற காணியைப் பிரித்து, உறுதிப் பத்திரத்தோடு, அதாவது காணி உரிமைப் பத்திரத்தோடு, குடும்பங்களின் கையில் கொடுப்பதே முதல் வேலை. அது நடந்தால் வீடுகள் பல வழிகளில் எழும். நடக்காவிட்டால் பணம் வந்த பின்னரும் கட்டுமானம் இழுபட்டுக்கொண்டே போகும்.

இதற்கு அண்மைக்கால அனுபவமே சான்று. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, அப்போது கட்டப்பட்டுவந்த 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றில் முதற்கட்டமான 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பெப்ரவரியில்தான். இடையில் கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் வந்தன என்பது உண்மை. கட்டுமானப் பொருட்களின் விலை ஏறியதால் ஒரு வீட்டுக்கான ஒதுக்கீட்டை 28 இலட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டியும் வந்தது. ஆனால் காணி விடயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், எந்த நெருக்கடியும் இல்லாத காலத்திலும் இதே தாமதம் ஏற்படும்.

தோட்டக் காணியின் நிலையை வெளியூர் வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போய், பின்னர் நீண்டகாலக் குத்தகையாக நிலைபெற்றது. ஆகவே காணி அரசினுடையது, அனுபவிப்பது கம்பனி, தலைமுறை தலைமுறையாக அதில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானோருக்கோ எழுத்தில் எந்த உரிமையும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் (அறை) ஓர் இஸ்தோப்பும் (திண்ணை) கொண்ட லயம் என்ற வரிசைக் குடியிருப்பு, வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட இருப்பிடமாகவே தொடங்கியது. இன்றோ ஒரு வீட்டில் ஒருவர் கொழுந்து பறிக்க, மற்றவர்கள் ஹட்டனிலோ கொழும்பிலோ வேலை செய்கிறார்கள். பல வீடுகளில் தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயருள்ளவர் ஒருவர்கூட இல்லை. வீட்டையும் வேலையையும் இன்னமும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது இந்தக் குடும்பங்களை எப்போதும் பயத்திலேயே வைத்திருக்கிறது.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். என் தாயார் ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியின் (ஓய்வுக்கால வைப்பு நிதி) பெரும்பகுதியை லயத்து முன்பக்கத்தை நீட்டிக் கட்டுவதிலும் கூரைத் தகரத்தை மாற்றுவதிலும் செலவிட்டார். அந்தக் காசு போட்ட சுவருக்கு அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. சேமலாப நிதியில் உள்ள மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக்கடன் பெற இலங்கைச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் தன் பெயரில் காணியில்லாதவர் அதை வைத்து எங்கே போய் வீடு கட்டுவார்? வெளிநாட்டில் உழைக்கும் பெண்கள் அனுப்பும் பணமும், நகரத்துக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் சேமிப்பும் இப்படித்தான் உரிமையற்ற சுவர்களுக்குள் போய்ச் சேருகின்றன. மலையக மக்களிடம் வீடு கட்டும் ஆற்றலே இல்லை என்று பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

காணி போதாது என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். முன்னர் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்று வகுத்தார்கள். பின்னர் 10 பேர்ச்சஸ் என்று உயர்த்தினார்கள். ஒரு இலட்சம் குடும்பங்களுக்குத் தலா 10 பேர்ச்சஸ் கொடுத்தாலும் 6,250 ஏக்கர்தான் வேண்டும். பாதை, பாடசாலை, விளையாட்டு மைதானம் என்று பாதியளவு கூட்டிக்கொண்டாலும் பத்தாயிரம் ஏக்கரைத் தாண்டாது. நாட்டில் தேயிலைச் செய்கையில் இருக்கும் நிலம் சுமார் 2 இலட்சம் ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 5 இலட்சம் ஏக்கர். நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது பெரிய கேள்வி அல்ல. தோட்டங்களில் கைவிடப்பட்டுக் காடாகிப்போன மலைகளைப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் சிறியதாகத் தெரியும்.

உண்மையான கஷ்டம் பாதுகாப்பான இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. போவதற்குக் காணி இல்லாத மக்களுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மீண்டும் அதே துயரத்தைக் கண்டோம். ஆகவே மண்சரிவு அபாயத்தை மதிப்பிடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையை ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாகக் கேட்டுக் காத்திருக்காமல், தோட்டம் தோட்டமாக வீடமைப்புக்குத் தகுந்த நிலத்தை முன்கூட்டியே வரையறுத்து, அளந்து, குத்தகையிலிருந்து விடுவித்து வைக்க வேண்டும். நல்ல நிலம் பெரும்பாலும் நல்ல தேயிலை நிற்கும் நிலமாகவே இருக்கும். கம்பனிகள் தயங்குவது அதனால்தான். அந்தத் தயக்கத்துக்கு முன்னால் அரசாங்கம் வளைந்து கொடுக்கக் கூடாது.

தனிவீட்டுக்கு இடமே போதாத தோட்டங்களில் இரண்டு மாடித் தொடர் வீடுகளையும் நான் ஏற்பேன். மாடி லயம் என்று மக்கள் வெறுத்த அந்தப் பழைய திட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. தனி வாசல், தனி நீரிணைப்பு, தனி உறுதி ஆகியவை இருந்தால் மட்டுமே ஏற்கலாம். தண்ணீரும் பாதையும் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையின் பொறுப்பாக வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாட்டுக்கு இடமில்லை.

உறுதி யார் பெயரில் என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கணவரின் பெயரை மட்டும் எழுதி முடிக்காமல் இருவர் பெயரிலும் கூட்டு உறுதியாகவும், கணவரை இழந்தவர்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் அவர்கள் பெயரிலேயே முழு உறுதியாகவும் வழங்க வேண்டும்.