மறு: மாஸ் எஃபெக்ட் 3-ல ஜாவிக்கைக் காசு குடுத்து வாங்கணுமா?

நண்பரே, மாஸ் எஃபெக்ட் 3 வீடியோ கேமோட பழைய டிஸ்க் வாங்கியிருக்கீங்க, ஜாவிக்ங்கற கேரக்டருக்குத் தனியா காசு கேக்குது, அவன் இல்லாம கதை புரியுமான்னு கேட்டிருக்கீங்க. புரியும். ஆனா முதல் பாகத்துலேர்ந்து அழிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு வந்த புரோத்தியன்ங்கற வேற்றுகிரக இனத்துல உயிரோட மிஞ்சின ஒரே ஆள் அவன்தான். தெஸ்ஸியா மிஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க வர்ற பேச்சே வேற!

அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் 2012 மார்ச்சில, கேம் வந்த அன்னிக்கே 10 டாலருக்குத் தனியா வித்தாங்க. பாயசத்துக்கு ஒரு பில், முந்திரிக்கு இன்னொரு பில். மெயின் கேமை முடிச்ச பிறகு தனி டீம் செஞ்சதுன்னு, கேமைச் செஞ்ச பயோவேர் கம்பெனி சொன்னாங்க. ஆனா அவனோட ஃபைல் கொஞ்சம் டிஸ்க்லயே இருந்துச்சு. பின்னாடி இணைக்கறதுக்காக வெச்சதுன்னு விளக்கம் வந்துச்சு. அது உண்மையாவே இருக்கட்டும், யாரை வெளிய நிறுத்தறதுன்னு முடிவு பண்ணது அவங்கதானே? (அதே மாசம் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்ங்கற சண்டை கேம் இன்னும் மோசம். 12 ஃபைட்டர்களை டிஸ்க்லயே பூட்டி வெச்சிருந்தாங்க.)

தனியா வாங்காதீங்க. பிசி, பிஎஸ்4 இல்ல எக்ஸ்பாக்ஸ் ஒன் இருந்தா, 2021-ல வந்த லெஜண்டரி எடிஷனை சேல்ல பிடிங்க. மூணு பாகமும் ஜாவிக்கும் அதுலயே இருக்கு, மல்டிபிளேயர் மட்டும் கிடையாது. ஜாவிக் வந்து சேர்ற ஈடன் பிரைம் மிஷனைச் சீக்கிரமே முடிச்சிடுங்க, தள்ளிப்போட்டா அவன் வசனம் நிறைய போயிடும்.