வாடகை வீட்டு நடைபாதையில் உறைந்த பனி யார் பொறுப்பு?

வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மேடிசன் நகரில் நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னுள்ள நடைபாதைப் பனியை அகற்றும் வேலையை உரிமையாளர் உங்கள் தலையில் கட்டுவதாக எழுதியிருந்தீர்கள். பனிப்பொழிவு நின்ற மறுநாள் நண்பகல் 12 மணிக்குள் நடைபாதையைச் சுத்தம் செய்யும் கடமையை நகரச் சட்டம் சொத்தின் உரிமையாளர்மீதே வைத்திருக்கிறது; எனினும் வாடகை ஒப்பந்தத்தில் அந்த வேலையை நீங்கள் ஏற்றிருந்தால், அபராதத் தொகையை உங்களிடம் வசூலிக்க அவர் முயலக்கூடும் என்பதால், ஒப்பந்தத்தை இன்றே வரிவரியாக வாசியுங்கள். அதில் ஒன்றும் இல்லையெனில், இது யார் வேலை என்று உரிமையாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

பெயர்க்க முடியாத பனிக்கட்டிமீது மணலைத் தூவுங்கள். சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண உப்பு சரிவர உருக்காது. நகரின் மென்டோட்டா, மொனோனா ஏரிகளையும் உப்பு கெடுக்கிறது. உங்களுடையது முனை வீடு என்றால், சக்கர நாற்காலியில் வருபவர்கள் இறங்கும் சரிவையும் அவசியம் திறந்துவிடுங்கள்.