கொழும்பு வளவில் ஏமாற்றும் கன்றுகள்: கேள்வி பதில்

"வாங்கும்போது பூத்துக் குலுங்கியது, வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றுமே இல்லை." இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த முறைப்பாடுதான். கன்றையும் கைராசியையும் குறை சொல்வதற்கு முன், அந்தக் கன்று பிறந்த ஊரில் இரவு எப்படி இருக்கும், மழை எப்போது பெய்யும் என்று கேட்டுப் பாருங்கள்.

கிருலப்பனையிலிருந்து: அக்கா, நுவரெலியா போய் வரும்போது நீலப் பூவோடு ஹைட்ரேஞ்சியா வாங்கி வந்தேன். இரண்டு ஆண்டாக இலை மட்டும்தான் செழிப்பாக இருக்கிறது. என்ன பசளை போடலாம்?

எந்தப் பசளையும் உதவாது, தங்கச்சி. ஹைட்ரேஞ்சியா பூமொட்டுக் கட்டுவதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ந்த இரவுகள் வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே அந்தக் குளிர் தாராளம். கொழும்பிலோ ஜனவரியில்கூட இரவின் சராசரி வெப்பநிலை 22 பாகை அளவில்தான் நிற்கிறது. நீங்கள் கொண்டுவந்த பூ மலையிலேயே மொட்டானது. அந்த நிழலான மூலையில் பூ வேண்டுமென்றால் அந்தூரியம் வையுங்கள். நம் ஈரக்காற்று அதற்கு மிகவும் பிடிக்கும்.

வெள்ளவத்தையிலிருந்து: அம்மா, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மாமரத்தின் கிளையிலிருந்து ஒட்டிய கறுத்தக் கொழும்பான் கன்றைக் கொண்டுவந்து நட்டோம். மரம் நன்றாக வளர்ந்துவிட்டது. பூக்கிறது, ஆனால் காய் நிற்பதில்லை. என் அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

இந்தக் கேள்வி எனக்கு ஆண்டுதோறும் வருகிறது. ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது, ஏனென்றால் நீங்கள் நட்டது வெறும் மரத்தை மட்டுமல்ல.

மாமரம் பூப்பதற்கு வறண்ட இடைவெளி ஒன்று தேவை. யாழ்ப்பாணத்தில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில்தான். கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை, யாழ்ப்பாணத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது இரண்டு பருவப்பெயர்ச்சிகளிலும் இடைக்காலங்களிலும் பரவிப் பெய்கிறது. பூத்த நேரத்தில் மழை விழுந்தால் அந்திரக்னோஸ் என்ற பூஞ்சணம் பிடித்துவிடும். அடுத்த முறை பூக்கொத்து ஒன்றை முறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். காம்பில் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெரியும். மெல்லத் தட்டினால் கறுத்த பூக்கள் தூளாகக் கொட்டும். பிஞ்சாகும் முன்பே கதை முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

செய்யக்கூடியவை உண்டு. மரத்தின் நடுவிலுள்ள அடர்ந்த கிளைகளை வெட்டி, காற்றும் வெளிச்சமும் உள்ளே புக விடுங்கள். காய்ந்த குச்சிகளையும் பழைய பூக்காம்புகளையும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். பூஞ்சணம் குடியிருப்பது அவற்றில்தான். பூப்பதற்கு முன் செப்பு கலந்த பூஞ்சணநாசினி ஒருமுறை அடிக்கலாம். யூரியா வேண்டாம். இவ்வளவும் செய்தால், ஜனவரி, பெப்ரவரியில் மழை ஓய்ந்திருக்கும் ஆண்டில் சில காய்கள் கிடைக்கும். அம்மாவிடம் அந்த அளவுக்கு நம்பிக்கை சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: தக்காளிக் கன்றுகள் காய்க்கத் தொடங்கும் நேரத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் வாடி விழுகின்றன. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை.

பற்றீரியா வாடல் நோயாக இருக்கலாம். நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாடிய கன்றின் தண்டை அடிப்பக்கமாக வெட்டி, வெட்டிய முனை மட்டும் தொடும்படி கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து பால் போன்ற வெண்மையான இழை தண்ணீருக்குள் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து இல்லை. கன்றை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மிளகாயையும் கத்தரியையும் விடாது. அந்த இடத்தில் வெண்டி, பயற்றங்காய், பசளிக்கீரை போடலாம். தக்காளிதான் வேண்டுமென்றால் புதிய மண்ணும் தும்புத்தூளும் கலந்து பைகளில் வளர்த்துப் பாருங்கள். கத்தரிக்கு நல்ல தப்புவழி உண்டு: சுண்டங்காய் வேரில் ஒட்டிய கன்று இந்த நோயைத் தாங்கும்.

வத்தளையிலிருந்து: லாவெண்டர்?

வாங்காதீர்கள். மத்தியதரைக்கடல் ஓரத்து வறண்ட கோடைக்குப் பழகிய செடி அது. நம் மே மாத மழையில் வேர் அழுகிவிடும். வாசனை வேண்டுமென்றால் ரம்பையும் துளசியும் இருக்கின்றன.

தெகிவளையிலிருந்து: கன்றுக்கடையில் எக்சோரா என்று சொல்கிற வெட்சியை, புதிதாகக் கட்டிய மதிலோரம் வரிசையாக வைத்தேன். இலை மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. பூவும் குறைவு.

காரணம் அந்த மதில்தான். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு மண்ணில் இறங்குகிறது. வெட்சி புளிப்பு மண்ணை விரும்பும் செடி. சுண்ணாம்பு ஏறினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அதனால்தான் இளம் இலைகள் முதலில் வெளுக்கின்றன. மதிலிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி நடுங்கள். மேசன் விட்டுப்போன சாந்துக் கட்டிகள் மண்ணுக்குள் கிடந்தால் கிளறி எடுத்துவிடுங்கள். கூட்டெருவை அள்ளிப் போடுங்கள், இலைக்கு இரும்புச்சத்துக் கரைசல் தெளியுங்கள். கொழும்பின் மண் இயல்பாகவே புளிப்பானது. இடம் மாறினால் வெட்சி தானே தேறிவிடும்.

பம்பலப்பிட்டி தொடர்மாடியிலிருந்து: கடலைப் பார்த்த பல்கனி. எதை வைத்தாலும் இலையின் ஓரம் கருகுகிறது. போகன்வில்லா மட்டும் உயிரோடு இருக்கிறது, ஆனால் பூப்பதில்லை. தினமும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

தம்பி, கருகுவதற்குக் காரணம் உப்புக்காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி நேராக உங்கள் பல்கனிக்குத்தான் வீசுகிறது. மென்மையான இலைச் செடிகளை உள்ளே எடுத்துவிடுங்கள், மற்றவற்றின் இலைகளை மாலையில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

போகன்வில்லா பூக்காமல் இருப்பது உங்கள் அன்பினால். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் அது இலையும் முள்ளுமாக ஓடிக்கொண்டே இருக்கும். விரலை மண்ணில் இரண்டாம் கணுவரை விட்டு, ஈரம் தட்டாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். நீண்ட கொடிகளை வெட்டிவிடுங்கள். புதுத்தளிரில்தான் பூ வரும். சாடிக்கு அடியில் தட்டு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் தண்ணீர் வேரையும் அழுகச் செய்யும், டெங்கு நுளம்பையும் வளர்க்கும்.

மட்டக்குளியிலிருந்து: முருங்கை கூரைக்கு மேலே போய்விட்டது, காய் மொத்தமே ஐந்தாறுதான். வெட்டிவிடலாமா?

முருங்கையும் வறண்ட நிலத்து மரம். மழையில் பூ கொட்டிவிடும், தண்ணீர் தேங்கினால் வேர் நொந்துவிடும். இங்கே காய்க்காக வளர்ப்பதைவிட இலைக்காக வளர்ப்பதே நல்லது. நெஞ்சளவு உயரத்தில் வெட்டி, வெட்டுவாயில் தண்ணீர் இறங்காதபடி சாணம் அப்பிவிடுங்கள். சில வாரங்களில் கைக்கெட்டும் உயரத்தில் தளிர் வரும். வெட்டுவதற்கு முன் தண்டில் மயிர்க்கொட்டி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய கிளைகளில் கைத்தடிமன் உள்ளவற்றை எறியாதீர்கள். மேடான இடத்தில் ஊன்றினால் அவையும் துளிர்க்கும்.