பசுமைக் கட்டடம்: காசில்லாத உள்ளாட்சி எங்கே தொடங்கலாம்?

கேள்வி: நான் ஒரு சிறிய நகராட்சியின் மன்ற உறுப்பினர். ஊரில் புதுக் கட்டடங்கள் மளமளவென்று எழும்புகின்றன. அவை மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகச் செலவழிக்கும் பசுமைக் கட்டடங்களாக இருக்க வேண்டும் என்பதில் மன்றத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மானியம் கொடுக்க நிதி கிடையாது. கட்டட விதிகளை எழுதும் அதிகாரமும் பெரும்பாலும் மேலே உள்ள அரசிடம்தான். விருது, விழிப்புணர்வு முகாம் தவிர எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையவே செய்ய முடியும். மானியத்தைவிட வலுவான ஒன்று உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது: கட்டட அனுமதி. கட்டுபவர் வேலையைத் தொடங்கும் முன் வரைபடத்தோடு உங்களிடம் வந்தே ஆக வேண்டும். முடித்த பின் பணி நிறைவுச் சான்றுக்கு மறுபடியும் வர வேண்டும். ஒரு கட்டடம் அடுத்த ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் குடிக்கப் போகிறது என்பதில் பெரும்பகுதி இந்த இரண்டு வருகைகளுக்கும் நடுவில் முடிவாகிவிடுகிறது. எந்தச் சுவர் வெயிலை வாங்குகிறது, சன்னலுக்கு மேல் நிழல் உண்டா, கூரையில் வெப்பக்காப்பு (வெப்பம் உள்ளே இறங்காமல் தடுக்கும் அடுக்கு) போட்டார்களா என்பதையெல்லாம் ஆட்கள் குடியேறிய பிறகு மாற்றுவது பெருஞ்செலவு. சிலவற்றை மாற்றவே முடியாது.

தீர்மானம் எழுதும் முன், உங்கள் அதிகாரம் எதுவரை என்பதைச் சட்ட ஆலோசகரோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். அமெரிக்காவின் பெர்க்லி நகரம் 2019-இல் புதுக் கட்டடங்களுக்கு எரிவாயுக் குழாய் கூடாது என்று விதி போட்டது. மத்திய எரிசக்திச் சட்டத்தோடு அது மோதுகிறது என்று 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது, விதி நிற்கவில்லை. இதற்கு நேர்மாறாக, லண்டனின் மெர்ட்டன் பகுதி மன்றம் 2003-இல் கட்டட விதியைத் தொடவே இல்லை. தனக்குச் சந்தேகமின்றி உரிமையுள்ள நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, குடியிருப்பு அல்லாத புதுக் கட்டடங்கள் தமக்குத் தேவைப்படும் எரிசக்தியில் குறைந்தது 10 சதவீதத்தை அந்த இடத்திலேயே புதுப்பிக்கத்தக்க முறையில் தயாரிக்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், தேவையைக் குறைத்தால் அந்தப் பத்து சதவீதத்தின் அளவும் தானாகக் குறையும் என்பது. கட்டுபவர் சூரியத் தகடு வாங்கும் முன் சுவரையும் சன்னலையும் சரிசெய்யத் தூண்டும் விதி அது. பின்னர் பிரிட்டனின் பல மன்றங்கள் அதையே எடுத்துக்கொண்டன.

எந்தச் சட்டமும் தேவைப்படாத வழி ஒன்றும் உண்டு. நகராட்சி தன் நிலத்தை விற்கும்போதோ குத்தகைக்கு விடும்போதோ, எரிசக்தித் தரத்தை ஒப்பந்த நிபந்தனையாகப் போட்டுவிடலாம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் 1992 முதல் இதைச் செய்கிறது. நில உரிமையாளராகப் பேசும்போது உங்கள் கை ஓங்கியிருக்கும்.

ஊக்கத்தொகைக்குக் காசில்லை என்கிறீர்கள். கட்டுபவருக்குக் காலமும் காசுதான். அனுமதி தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறுகிறது. சிகாகோ நகரம் 2005-இல், பசுமைத் தரத்துக்கு உட்படும் திட்டங்களைத் தனி வரிசையில் எடுத்து 30 வேலை நாளுக்குள் அனுமதி கொடுக்கத் தொடங்கியது. கட்டணங்களையும் இதே நோக்கில் திருத்தலாம். ஜெர்மனியின் பல நகரங்கள் மழைநீர் வடிகால் கட்டணத்தை, மனையில் எவ்வளவு பரப்பு சிமென்ட் போட்டு மூடப்பட்டிருக்கிறது என்று அளந்து வசூலிக்கின்றன. தோட்டக் கூரைக்கும் நீர் இறங்கும் தரைக்கும் கட்டணம் குறையும். மொத்த வசூல் குறையாதபடி இதை வடிவமைக்க முடியும்.

விதி அனுமதிப்பதைவிடக் கூடுதல் தளப்பரப்பைச் சலுகையாகக் கொடுப்பது பலரும் கேட்கும் வழி. அதில் நான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். கட்டுபவருக்குக் கிடைப்பது நிரந்தரமான பரப்பு. உங்களுக்குக் கிடைப்பது வரைபடத்தில் எழுதிய வாக்குறுதி. கொடுப்பதென்றால் கணிசமான பிணைத்தொகை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடம் செயல்படத் தொடங்கி ஓராண்டு மின், நீர் கணக்கைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள். பசுமைச் சான்றிதழ்களில் பல, வடிவமைப்புக் கட்டத்திலேயே புள்ளி கொடுப்பவை. நல்ல சான்றிதழ் பெற்ற கட்டடமும் கணக்கிட்டதைவிட அதிகமாக மின்சாரம் இழுப்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த சிக்கல்.

இந்த இடைவெளி பெரும்பாலும் கட்டும் களத்தில் உருவாகிறது. கூரை வெப்பக்காப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் 75 மில்லிமீட்டர் என்று இருக்கும். வேலை நெருக்கடியில் 50 வந்து இறங்கும். குழாயும் கம்பியும் போக வெட்டிய இடங்களில் துண்டுகள் சேராமல் விரிசல் விடும். இரண்டு நாளில் மேலே காரை பூசிவிடுவார்கள். அதன்பின் கடப்பாரை இல்லாமல் எந்த ஆய்வாளராலும் அதைப் பார்க்க முடியாது. சன்னல் கண்ணாடியும் அப்படித்தான். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி என்று அனுமதி வாங்கிவிட்டு, கடைசியில் சாதாரணக் கண்ணாடியைப் பொருத்தினால் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அதில் ஒட்டி வரும் லேபிளும் வாங்கிய ரசீதும்தான் சாட்சி.

ஆகவே, மூடப்படும் வேலை எதுவானாலும் மூடும் முன் ஒரு ஆய்வு நடக்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள். ஆளில்லை என்றால் அளவுகோல் வைத்து எடுத்த, தேதியுள்ள புகைப்படங்களைக் கேட்டு வாங்கி, அவற்றில் சிலவற்றையாவது திடீரென்று நேரில் போய்ச் சரிபாருங்கள். இருபது நிபந்தனைகள் போட்டு ஒன்றையும் சோதிக்காத நகராட்சியைவிட, நான்கு நிபந்தனைகள் போட்டு நான்கையும் சோதிக்கும் நகராட்சி ஊருக்கு அதிகம் செய்கிறது. இதை நான் அடித்துச் சொல்வேன். உங்கள் நான்கில் கூரை வெப்பக்காப்பு, சன்னல் நிழல், நீர் சிக்கனக் குழாய்கள், மனையில் விழும் மழைநீர் மனைக்குள்ளேயே இறங்குவது ஆகியவை இருக்கலாம். தட்பவெப்பத்தைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள். குளிர் மிகுந்த இடத்தில் சன்னல் நிழலைவிடக் காற்றுக்கசிவுச் சோதனை முக்கியம்.

ஏற்கனவே நிற்கும் கட்டடங்களுக்கு அனுமதி உதவாது. அங்கே கணக்குதான் வழி. டோக்கியோ 2002-இல் பெரிய அலுவலகங்களையும் தொழிற்சாலைகளையும் தம் கரியமில வாயு உமிழ்வு அளவைத் தெரிவிக்கச் சொன்னது. கையில் தரவு சேர்ந்த பிறகே 2010-இல் கட்டாயக் குறைப்பு வரம்பு கொண்டுவந்தது. நியூயார்க்கும் இதே வரிசையில் போனது: 2009-இல் பெரிய கட்டடங்கள் ஆண்டுதோறும் எரிசக்திக் கணக்கு காட்ட வேண்டும் என்ற சட்டம், பிறகு அந்தக் கணக்கின்படி வாசலருகே ஒட்டும் மதிப்பெண், 2019-இல் உமிழ்வு வரம்பு, அந்த வரம்பு நடைமுறைக்கு வந்தது 2024-இல். முதலிலேயே அபராதத்தோடு இறங்கியிருந்தால், யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதே தெரியாமல் வழக்குகளில் சிக்கியிருப்பார்கள்.

உங்கள் கணக்கு நகராட்சியின் சொந்தக் கட்டடங்களிலிருந்து தொடங்கட்டும். அலுவலகம், பள்ளி, சமுதாயக் கூடம், நீரேற்று நிலையம் எல்லாவற்றின் கடந்த மூன்றாண்டு மின் கட்டண ரசீதுகளை ஒரே தாளில் வரிசையாக எழுதி, தளப்பரப்பால் வகுத்துப் பாருங்கள். எது மோசம் என்று அன்றே தெரிந்துவிடும். அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் கட்டும் செலவோடு முப்பது ஆண்டு மின்சார, பராமரிப்புச் செலவையும் சேர்த்து ஒப்பிடச் சொல்லுங்கள். குறைந்த விலை கேட்டவர் பல நேரம் அங்கே பின்தங்கிவிடுவார்.

இடிப்பு அனுமதியையும் விட்டுவிடாதீர்கள். சிமென்ட், செங்கல், எஃகு ஆகியவற்றைத் தயாரித்தபோது வெளிவந்த கரியமில வாயு, கட்டடத்தை இடித்தால் திரும்பி வராது. புதுக் கட்டடத்துக்கு மறுபடியும் அதே செலவு. அமெரிக்காவின் போர்ட்லாந்து 2016 முதல், பழைய வீடுகளை இயந்திரம் வைத்து நொறுக்காமல் கையால் பிரித்து, மரத்தையும் மற்றவற்றையும் மறுபயன்பாட்டுக்கு எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. உங்கள் ஊருக்கு அவ்வளவு கடுமை இப்போது வேண்டாம். இடிபாடு எங்கே போகிறது என்று எழுதிக் கேட்டு, அதற்கொரு பிணைத்தொகை வாங்கினாலே இரவோடு இரவாகக் குளக்கரையில் கொட்டுவது குறையும்.

இத்தனைக்கும் ஆள் வேண்டும். முதல் ஆண்டில் செலவழிக்கப் பணம் கொஞ்சம் கிடைத்தால், வரைபடம் பார்ப்பவருக்கும் களத்துக்குப் போகும் ஆய்வாளருக்கும் பயிற்சி கொடுங்கள். தனியாக ஒரு எரிசக்திப் பொறியாளரை வைத்துக்கொள்ள உங்களால் முடியாவிட்டால், பக்கத்து நகராட்சிகள் மூன்று, நான்கைச் சேர்த்துக்கொண்டு ஒருவரை நியமித்து, வாரத்தில் ஒரு நாள் ஒவ்வோர் அலுவலகத்திலும் உட்காரச் சொல்லலாம். வரைபடம் கொண்டுவரும் பொறியாளர்களும் கொத்தனார்களும் அன்றைக்கு வந்து சந்தேகம் கேட்கட்டும்.