ஆம்ப்ஸ் தெரியும், வாட்ஸ் எவ்வளவுங்க?

சூலூர்: இஸ்திரிப் பெட்டியில 230 வோல்ட், 1000 வாட்ஸ்னு போட்டிருக்குதுங்க. ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு இருக்கோணும்?

வாட்ஸை வோல்ட்டால வகுத்தா ஆம்ப்ஸ்: 1000 ÷ 230 = 4.35. வோல்ட்டை ஆம்ப்ஸால வகுத்தா ஓம்: 230 ÷ 4.35 = 52.9. பிளக்கைக் கழட்டி, தெர்மோஸ்டாட் நாப்பை முழுசாத் திருப்பி வெச்சுட்டு, ஃபேஸ், நியூட்ரல் பின் ரெண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டரை வைங்க. 50லிருந்து 53 வந்தா காயில் நல்லா இருக்குது. நாப் ஆஃப்ல இருந்தா மீட்டர் எதுவுமே காட்டாது. அதைப் பாத்துட்டு காயில் போச்சுன்னு புதுப் பெட்டி வாங்குறவங்க உண்டு.

கோபி: சாயங்காலமானா எங்கூர்ல 180 வோல்ட்தானுங்க. வோல்டேஜ் எறங்குனா ஆம்ப்ஸ் ஏறும்னு வயர்மேன் சொல்றாரு. இஸ்திரிப் பெட்டிக்கும் அப்படியா?

இல்லைங்க. காயிலோட ஓம் கிட்டத்தட்ட அதே 52.9தான். 180 ÷ 52.9 = 3.4 ஆம்ப்ஸ், அதாவது 612 வாட்ஸ். வோல்டேஜ் 22 சதவீதம் கொறைஞ்சதுக்கு சூடு 39 சதவீதம் போயிடுச்சு, ஏன்னா வோல்ட்டும் கொறையுது, அதோட சேர்ந்து ஆம்ப்ஸும் கொறையுது. வயர்மேன் சொன்னது மோட்டாருக்குச் சரி. வோல்டேஜ் கொறைஞ்சாலும் பம்பு தூக்க வேண்டிய தண்ணி அதேதானே. அதுக்காக மோட்டார் கரண்டைக் கூட இழுக்கும்.

அன்னூர்: 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார். ரன்னிங் காயிலை அளந்தா 2.5 ஓம். கணக்குப்படி 92 ஆம்ப்ஸ் வரோணும். ஓடறப்ப கிளாம்ப் மீட்டர்ல (வயரை வளைச்சுப் பிடிச்சு ஆம்ப்ஸ் பாக்குற மீட்டர்) 7தான் வருது. மீட்டர் பொய் சொல்லுதுங்களா?

ரெண்டு அளவும் நிஜம்தான். மீட்டர் காட்டுன 2.5 ஓம் வெறும் செம்புக் கம்பியோடது. ஏசி கரண்டுக்கு காயிலோட காந்தமும் தடை போடும். ரோட்டார் சுத்த ஆரம்பிச்சதும் காயிலுக்குள்ளயே எதிர் வோல்டேஜ் உண்டாகி கரண்டை 7க்கு அமுக்கி வெச்சிருக்கும். அதனால மோட்டாருக்கு வோல்ட் ÷ ஓம் போடாதீங்க. அந்த ஓம் வேற ஒண்ணுக்கு உதவும்: காயில் சூட்டுக்கு. ஆம்ப்ஸ் × ஆம்ப்ஸ் × ஓம். ஓடறப்ப 7 × 7 × 2.5 = 122 வாட்ஸ். மணல் அடைச்சோ கெப்பாசிட்டர் போயோ ரோட்டார் நின்னு 35 ஆம்ப்ஸ் இழுத்தா 3,062 வாட்ஸ். கரண்டு அஞ்சு மடங்கு, சூடு இருபத்தஞ்சு மடங்கு. 'ம்ம்ம்'னு உறுமிட்டு சுத்தாம நிக்குற மோட்டாரை ஒடனே ஆஃப் பண்ணச் சொல்றது இதுக்குத்தான்.

பல்லடம்: 800 அடி போருங்க, 5 எச்பி த்ரீ ஃபேஸ் சப்மெர்சிபிள். பேனல்ல 400 வோல்ட், ஃபேஸுக்கு 9.5 ஆம்ப்ஸ். 400 × 9.5 × 3 போட்டா 11,400 வருது. 5 எச்பின்னா 3,730 வாட்ஸ்தானே? அப்புறம், 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) கேபிள் போதுமா?

400ங்கறது ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல அளந்தது, அதுக்கு 3 போடக்கூடாது, 1.732 போடோணும். 400 × 9.5 × 1.732 = 6,582. இது இன்னும் வாட்ஸ் ஆகலை, வெறும் வோல்ட்-ஆம்ப்ஸ், அதாவது விஏதான். பவர் ஃபேக்டர், அதாவது விஏல நிஜமா வாட்ஸ் ஆகற பங்கு, 0.8ன்னு வெச்சா 5,265 வாட்ஸ். நீங்க சொன்ன 3,730 மோட்டார் ஷாஃப்ட்ல கெடைக்கறது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது மோட்டாரோட நஷ்டம். சப்மெர்சிபிளுக்கு 70 சதவீத எஃபிஷியன்சி வழக்கமானதுதான்.

இனி கேபிள். 800 அடின்னா 244 மீட்டர். போர் வாயிலிருந்து பேனல் வரைக்கும் 56 மீட்டர்னு வெச்சா மொத்தம் 300. செம்போட தடை எண் 0.0172ஐ மீட்டரால பெருக்கி ஸ்கொயர் எம்எம்மால வகுங்க: 0.0172 × 300 ÷ 4 = 1.29 ஓம். 9.5 ஆம்ப்ஸுக்கு ஒரு கோர்ல 12.3 வோல்ட் போகும், அதை 1.732ஆல பெருக்குனா 21 வோல்ட். மேல 400 இருந்தா கீழ மோட்டாருக்கு 379தான். மூணு கோர்லயும் சேர்த்து 350 வாட்ஸ் கேபிளைச் சூடாக்கவே போகுது. 6 ஸ்கொயர் போட்டா 14 வோல்ட், 233 வாட்ஸ். 10 ஸ்கொயர்னா எட்டரை வோல்ட்.

விவசாயச் சர்வீஸுக்கு பில்லு இல்லை, போனாப் போகுதுன்னு விடாதீங்க. லைன்லயே 360 வர்ற நாள்ல 4 ஸ்கொயர்ல கீழ 340க்கும் கம்மியாத்தான் போகும், அன்னிக்கு காயில் கருகும். போர்ல எறக்குன மோட்டாரை மறுபடி தூக்குற கூலியைப் பாத்தா 6 ஸ்கொயர்தான் சீப். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரா இருந்தா கரண்டு போயிட்டுத் திரும்பியும் வரோணும், அதனால நீளத்தை ரெண்டால பெருக்குங்க.

பெருந்துறை: ஸ்டார்ட்டர்ல ஒரு டெர்மினல் மட்டும் கறுத்துப் போகுது. வயரை மாத்தியும் அதேதான்.

வயர் மேல தப்பில்லை, ஸ்க்ரூவை முறுக்குனதுலதான் தப்பு. லூஸ் ஜாயின்ட்ல 0.2 ஓம் இருந்து 10 ஆம்ப்ஸ் போச்சுன்னா 20 வாட்ஸ். நெல்லிக்காய் அளவு எடத்துல சால்டரிங் அயர்ன் வெச்ச மாதிரி. கறுத்த துண்டை வெட்டிட்டு, லக் (வயர் நுனியில மாட்டுற உலோக முனை) வெச்சு நசுக்கிக் கிரிம்ப் பண்ணி, ஸ்க்ரூவை இறுக்குங்க. ஸ்க்ரூவோட மரை தேஞ்சிருந்தா டெர்மினலையே மாத்தோணும்.

திருச்செங்கோடு: கிளாம்ப் மீட்டர் கிரைண்டர் வயர்ல பூஜ்யம் காட்டுது, ஆனா மாவு ஆடுது!

ரெண்டு வயரையும் சேர்த்துப் பிடிச்சிருப்பீங்க. போறதும் வர்றதும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஃபேஸ் வயரை மட்டும் தனியாப் பிடிங்க. 0.9 ஆம்ப்ஸ் வந்தா 207 வாட்ஸ்னு எழுதிக்காதீங்க. 150 வாட்ஸ் கிரைண்டரா இருந்தா பவர் ஃபேக்டர் 0.72, அவ்வளவுதான். அரை மணி நேரம் ஆட்டுனா 0.075 யூனிட்.

கோவை: உப்புத் தண்ணியில கீசர் காயில் அடிக்கடி போகுதுங்க. கரண்டு கூட இழுக்குதோ?

கூட இழுக்காது. 2000 வாட்ஸ் காயில் 26.5 ஓம், 8.7 ஆம்ப்ஸ், உப்பு படிஞ்சாலும் அதேதான். ஆனா சுண்ணாம்பு மாதிரி ஓடு கட்டிக்கிட்டா சூடு தண்ணிக்குப் போக வழி இல்லாம உள்ள இருக்குற கம்பி வெந்து அறுந்துடும். மெயினை ஆஃப் பண்ணி, வயரைக் கழட்டி, காயில் பின்னுக்கும் கீசர் பாடிக்கும் நடுவுல மெகர்ல (இன்சுலேஷனை அளக்குற மீட்டர்) அளங்க. ஒரு மெகாஓமுக்குக் கம்மியா வந்தா உறை வெடிச்சு தண்ணி உள்ள போயிருக்கும், அந்தக் காயிலைத் தொடைச்சு மறுபடி மாட்டாதீங்க. நல்லா இருந்தா ஆறு மாசத்துக்கு ஒருக்கா கழட்டி, படிஞ்ச சுண்ணாம்பைச் சுரண்டுனாப் போதும்.