திரும்பி வந்து திட்டுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அரசு ஆஸ்பத்திரி வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறோம். கூடவே இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதி. சோறு போடுவது சமூக சேவைதான், ஆட்களை ஆண்டவரிடம் சேர்க்கிற ஆத்தும ஆதாயமே சீஷத்துவம், அதுதான் இயேசுவைப் பின்பற்றுவது என்கிறார் சபை மூப்பர் ஒருவர். கைப்பிரதியே வேண்டாம் என்கிறாள் என் தங்கை. யார் சொல்வது சரி? படங்களும் அனுப்பியிருக்கிறேன்.

ஜெ., நாசரேத்

அன்புள்ள தம்பி,

படங்களைப் பார்த்தேன். நீங்கள் கேமராவைப் பார்க்கிறீர்கள், பொட்டலம் வாங்குகிற பாட்டி தரையைப் பார்க்கிறார். முதலில் அவற்றை அழித்துவிடுங்கள். கைப்பிரதி விஷயத்தில் நான் உங்கள் தங்கை பக்கம். பசியோடு நிற்கிறவரிடம் சோற்றோடு சேர்த்து நீட்டினால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மூப்பரோடு வாதாடாதீர்கள். நான் சிறுவனாக இருந்தபோதே எங்கள் சபையில் நடந்த வழக்கு அது, இன்னும் தீரவில்லை.

கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது வேறு. 1940களின் கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்தவர். நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை, வேலை செய்கிற தசைநாணைக் கொண்டுவந்து இணைத்து நிமிர்த்தினார். நாமாக இருந்தால் அத்தோடு சாட்சிக் கூட்டம் வைத்து ஸ்தோத்திரம் சொல்லி முடித்திருப்போம். ஆனால் குணமாகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். கை நேராகிவிட்டதால் பிச்சை விழவில்லை, தொழுநோய்க்காரர் என்று வேலையும் கிடைக்கவில்லை, இப்போது என்ன செய்ய என்று.

அந்த முறையீட்டுக்குப் பதிலாகத்தான் 1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் வந்தது. அவர்கள் தங்கக் குடிசைகள், மரவேலை பழகப் பட்டறை. கூடவே இருந்து கவனித்ததில் இன்னொன்றும் பிடிபட்டது. ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடிக்கிறது, உணர்ச்சி இல்லாததால் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். பூனை! எந்தச் சீஷத்துவ வகுப்பில் தம்பி அதைச் சொல்லித் தருகிறார்கள்?

உங்களிடம் பொட்டலம் வாங்கிய பாட்டிக்கு உங்களைத் திட்டத் தோன்றினால் எங்கே வந்து திட்டுவார்? உங்கள் பெயராவது அவருக்குத் தெரியுமா?

எங்கள் சபையில் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒரு விதவை அக்காவுக்குத் தையல் மிஷின் கொடுத்தார்கள். மாலை, பாட்டு எல்லாம் உண்டு. தை பிறப்பதற்குள் அவர் எங்கள் வீட்டு நடையில் வந்து நின்று, "மிஷினை வச்சு நான் என்ன செய்ய? நேரா ஒரு கோடு அடிக்கத் தெரியாது. நூலு யாரு வாங்கித் தருவா?" என்று கத்தினார். நன்றி கெட்ட ஜென்மம் என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா ஒரு பழைய வேட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பிப் போனார். வேட்டித் துணியில் பென்சிலால் கோடு போட்டு, அதன்மேல் அடிக்கச் சொல்லிப் பழக்கினார். அப்புறம் தன் ஜாக்கெட் துணிகளையே கொடுத்தார். முதலில் தைத்ததில் கை ஏறவே இல்லை. பிரித்து ஒட்டுப் போட்டு, அதையே உடுத்திக்கொண்டு கோயிலுக்கும் போனார். அக்காவுக்கு வெளியிலிருந்து வாடிக்கை வர அந்த வருஷம் ஐப்பசி ஆகிவிட்டது. அதுவரை நடையில் வந்து சண்டை போடுவதும் நிற்கவில்லை.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் கதையில் எண்ணெய் வார்த்துக் காயம் கட்டியதையே பிரசங்கிக்கிறோம். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று அவன் சத்திரக்காரனிடம் சொன்னானே, அதை யார் பிரசங்கிக்கிறார்கள்? அவன் அந்த வழியாகத் திரும்பி வரப்போகிறவன். நீங்கள் பொட்டலம் தீர்ந்ததும் வேன் ஏறிவிடுகிறீர்கள்.

கோபப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போய் நிற்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். அடுத்த முறை பொட்டலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டியின் ஆள் எந்த வார்டில் கிடக்கிறார் என்று கேளுங்கள். ராத்திரி துணைக்கு ஆள் உண்டா, வெளியே வாங்கச் சொன்ன மருந்து ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு புதன்கிழமை மறுபடி போங்கள். சங்கத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள், பரவாயில்லை. தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சை அவளிடம் விட்டுவிடுங்கள்.