செயல்திட்டவழிக் கல்வி என்றால் என்ன? சிறு குழந்தைகளுக்கு அது ஏன் பொருந்துகிறது?

செயல்திட்டவழிக் கல்வி என்பது, குழந்தை தானே எழுப்பிய ஒரு கேள்வியைப் பல நாள்கள் பின்தொடர்ந்து, பார்த்தும் அளந்தும் செய்தும் விடை தேடும் முறையாகும். 'எறும்பு எங்கே போகிறது?' என்று கேட்கும் 5 வயதுக் குழந்தைக்கு, அதன் வழியைத் தொடரும்போது எண்ணவும், வரையவும், கண்டதைச் சொல்லவும் தேவை ஏற்படுகிறது. அந்தத் தேவையே கற்றதை மனத்தில் பதிக்கிறது என்பதுதான், என் பார்வையில், இம்முறையின் உயிர். 1896இல் சிகாகோவில் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி தொடங்கிய பள்ளியில், குழந்தைகள் சமையல், தையல், தச்சு வேலைகளின் வழியே கணக்கும் அறிவியலும் கற்றனர். நீச்சலைப் பற்றிக் கரையில் நின்று கேட்பதற்கும் தண்ணீரில் இறங்கிப் பழகுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இம்முறையில் ஆசிரியர் ஒதுங்கிவிடுகிறார் என்று பலர் எண்ணுவது தவறு: கேள்வியைக் கூர்மையாக்குவதும், வேண்டிய பொருள்களைத் திரட்டித் தருவதும், எழுத்தும் எண்ணும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே.